புகைக்குள் அருந்ததி

காடு எரியத் தொடங்கி மூன்றாம் நாள், மலையடி மடத்தில் கல்யாணம். மாப்பிள்ளை சடையாண்டி, ஐம்பத்தாறு வயதுச் சீடன். குரு வெள்ளையம்மை அவனைவிடப் பத்து வயது இளையவர். மணப்பெண் பூவாயி, புருஷனை இழந்தவள்.

பன்னிரண்டு வருஷமாகத் தம்பி சடையாண்டியின் வாசலை மிதிக்காத அண்ணன் மாசானம், தடுக்க வேண்டும் என்றதும் முதல் ஆளாக வந்து நின்றான்.

பொழுது சாய்ந்து நிலா கிளம்பியது. சூளையிலிருந்து எடுத்த செங்கல் மாதிரி இருந்தது.

"தாலி அறுத்தவளுக்கு மறுதாலியா? நிலாவே கோபத்தில் சிவந்துவிட்டது, பாரடா!" என்றான் மாசானம்.

சடையாண்டி குருவிடம் திரும்பினான். "அப்படித்தானா, தாயே?"

வெள்ளையம்மை அடுப்பில் ஒரு பிடி பச்சிலையைப் போட்டார். எழுந்த புகை பின்னாலிருந்த அகல்விளக்கை மூடியது. சுடர் சிவந்து மங்கியது.

"இந்த விளக்குக்கு யார்மேல் கோபம்?"

மாசானம் விடவில்லை. "தாலி கட்டியதும் அருந்ததி பார்க்க வேண்டும். பார்க்காத கல்யாணம் கல்யாணமே இல்லை. இன்றைக்கு அது தெரிகிறதா என்று முதலில் பாருங்கள்."

எல்லோரும் வடக்கே அண்ணாந்தார்கள். அடிவானத்தில் ஒரு வெள்ளிகூட இல்லை. அதற்கு மேலே, ஏழு முனிவர் என்கிற வெள்ளிகளில் மூன்று பேர் மட்டும் பழுப்பாக நின்றார்கள். வசிட்டரையே காணோம், பக்கத்தில் இருக்கிற சின்ன அருந்ததி எங்கே தெரியும்?

"வானம் சம்மதிக்கவில்லை," என்றான் மாசானம்.

"நான் உங்கள் தம்பிக்கு வாக்கப்பட வந்தேன், வானத்துக்கு இல்லை," என்றாள் பூவாயி, மணையில் இருந்தபடியே.

குரு மாசானத்தைப் பார்த்தார். "உன் கல்யாணம் எப்போது நடந்தது?"

"வைகாசியில். காலை முகூர்த்தம்."

"அருந்ததி பார்த்தாயா?"

"பார்க்காமலா? பூசாரி காட்டினார், பார்த்தேன்."

"வெயிலிலா?"

பின்னால் நின்ற அவன் பெண்சாதி சிரித்துவிட்டாள். "எனக்குக் கண்தான் கூசியது, அம்மா. தெரிகிறது, தெரிகிறது என்று தலையை ஆட்டிவைத்தேன்."

"வாயை மூடடி!"

சடையாண்டி தாலியைக் கையில் எடுத்தான். குருவின் காதருகே குனிந்தான்.

"தாயே, நானும் தெரிகிறது என்று சொல்லிவிடட்டுமா? இவன் வாய் அடைத்துப்போகும்."

"எதற்கு? தெரியவில்லை என்று உரக்கச் சொல். சொல்லிவிட்டுக் கட்டு."