இடது சரி, வலது சரி

“இன்னொரு தடவை ‘பழுது இல்லை’ன்னு எழுதினீங்கன்னா நான் இந்த நாற்காலியை விட்டு எந்திரிக்க மாட்டேன்,” என்றேன்.

கவுண்டருக்கு அந்தப் பக்கம் ரங்கசாமி என் ஹெட்போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஐம்பது வயது இருக்கும். அந்த சர்வீஸ் சென்டரில் வேலை பழகுகிறவர்.

“எந்திரிக்காட்டிப் போ கண்ணு. ஏசி ஓடுது, சுகமா உட்காரு. இல்லாத பழுதை நான் எங்கிருந்து கொண்டாறது?”

“சவுண்டு நல்லா இல்லைங்க.”

“அது பழுது இல்லை. இந்த லிஸ்டைப் பாரு. சத்தம் வரலை. சார்ஜ் ஏறலை. பட்டன் வேலை செய்யலை. ‘நல்லா இல்லை’ன்னு ஒரு வரி இருக்குதா?”

இல்லை. போன இரண்டு தடவையும் நானே தேடிப் பார்த்துவிட்டேன்.

வாங்கிய நாலாவது நாளே வலது பக்கம் செத்துப்போனது. இதே இடத்தில் கொடுத்தேன். உள்ளே இருக்கிற குட்டி ஸ்பீக்கரை மாற்றிக் கொடுத்தார்கள். அதற்கப்புறம் சத்தம் வந்தது. ஆனால் வந்த சத்தம் எனக்குப் பிடிபடவேயில்லை. இது மூன்றாவது புகார். மூன்றாவது தடவையும் ‘பழுது இல்லை’ என்று எழுதிவிட்டால் அதோடு மூடிவிடுவார்கள். மறுபடி திறக்க முடியாது. அதுதான் சட்டம் என்றார்கள்.

ரங்கசாமி சோதனை செய்து காட்டினார். லேப்டாப்பில் ஒரு பொத்தான். இடது பக்கம் பத்து நொடி ‘ஊங்’ என்று ஒரு சத்தம். அப்புறம் வலது பக்கம் பத்து நொடி அதே ‘ஊங்’. திரையில் இரண்டு பச்சை டிக் வந்தன.

“இடது சரி. வலது சரி. இதுக்கு மேல என்ன வேணும்?”

“அப்ப என் காதுதான் தப்புங்கறீங்க?”

“நான் அப்படிச் சொல்லலை.”

“ஸ்டூடியோல சொல்லிட்டாங்க.”

பிளஸ் டூ முடித்துவிட்டுக் காலேஜ் வேண்டாம் என்று சொன்னவள் நான். சிங்காநல்லூரில் ஒரு கல்யாண வீடியோ ஸ்டூடியோவில் சவுண்டு சேர்க்கிற வேலை கேட்டிருந்தேன். மூன்று நிமிட வீடியோ ஒன்றைக் கொடுத்து, பாட்டையும் பேச்சையும் மேளத்தையும் சரியாக்கிக் கொண்டுவா என்றார்கள். இந்த ஹெட்போனில் கேட்டுத்தான் செய்தேன். என் போனோடு வந்த சின்ன இயர்போனில் வேறு மாதிரி கேட்டது. விலை கூடியதுதானே நிஜம் சொல்லும் என்று இதையே நம்பினேன். ஸ்டூடியோக்காரர் போட்டுப் பார்த்துவிட்டு, “காதுல பஞ்சு வச்சுட்டா பாப்பா வேலை செஞ்சே?” என்று சிரித்தார். அங்கிருந்த எல்லோரும் சிரித்தார்கள். சனிக்கிழமை இன்னொரு தடவை வரச் சொல்லியிருந்தார். இன்றைக்கு வியாழன்.

இதைச் சொல்லும்போது என் குரல் உயர்ந்துவிட்டது. உள்ளறைக் கதவு திறந்தது.

எஸ்தர் அக்கா வெளியே வந்தார். அன்றைக்குத்தான் அவரை முதலில் பார்த்தேன். இருபத்தெட்டு வயதுக்கு மேல் இருக்காது. விரல் நுனியெல்லாம் ஈயம் சுட்ட தழும்பு. ரங்கசாமி எழுந்து நின்றார். அவருக்கு வேலை கற்றுக்கொடுப்பது இவர்தான்.

“எதுக்குண்ணா சத்தம்?”

“பாப்பாவுக்கு சவுண்டு பிடிக்கலையாமா, மேடம்.”

“பிடிக்கலைன்னு சொல்லலை. நல்லா இல்லைன்னு சொன்னேன்,” என்றேன்.

அவர் என் பக்கம் திரும்பினார். “எப்படி நல்லா இல்லை?”

மூன்று தடவை வந்திருக்கிறேன். இந்தக் கேள்வியை யாரும் கேட்கவில்லை. 

“பாடறவங்க எனக்கு நேரா நிக்கணும்ல? இதுல எங்க நிக்கறாங்கன்னே தெரியலை. தலைக்குப் பின்னாடி எங்கியோ கலைஞ்சு கெடக்குது. மேளம் அடிச்சா தலகாணியை அடிக்கிற மாதிரி இருக்கு.”

ரங்கசாமி சிரித்தார். “பாடறவங்க நிக்கிற எடத்தையெல்லாம் ஹெட்போன் காட்டுமா கண்ணு?”

எஸ்தர் அக்கா சிரிக்கவில்லை. ஹெட்போனை வாங்கி மாட்டிக்கொண்டார். “நீ கேக்கிற பாட்டு ஒண்ணு போடு.”

போட்டேன். நாலரை நிமிடப் பாட்டு. கொஞ்சம் கேட்டுவிட்டுக் கழற்றுவார் என்று நினைத்தேன். கழற்றவில்லை. சுவரில் இருந்த காலண்டரைப் பார்த்தபடி அசையாமல் நின்றார். எனக்குப் பின்னால் டோக்கன் வைத்திருந்தவர் இரண்டு தடவை கனைத்தார். எனக்கே பொறுக்கவில்லை. அவர் முழுப் பாட்டையும் முடித்துவிட்டுத்தான் கழற்றினார்.

“இந்தப் பொண்ணு சொல்றது சரி.”

 நான் சட்டென்று தரையைப் பார்த்தேன்.

ரங்கசாமிக்குப் புரியவில்லை. கோபம் இல்லை, நிஜமாகவே புரியவில்லை.

“இடது சரியா இருக்கு மேடம். வலது சரியா இருக்கு. ரெண்டும் சரியா இருந்தா அப்புறம் எப்படித் தப்பா இருக்கும்?”

எஸ்தர் அக்கா கண்ணாடி அலமாரியிலிருந்து அதே மாடலில் மாதிரிக்கு வைத்திருந்த ஒன்றை எடுத்தார். லேப்டாப்பில் அந்த ‘ஊங்’ சத்தத்தை இரண்டு பக்கமும் ஒன்றாக ஓடவிட்டார். இரண்டு காதுக் கிண்ணங்களையும் முகத்துக்கு முகமாகத் திருப்பி, மெல்ல நெருக்கினார். சத்தம் பெருத்தது. கவுண்டர் கண்ணாடி லேசாக அதிர்ந்தது.

அதை வைத்துவிட்டு என்னுடையதை ரங்கசாமி கையில் கொடுத்தார்.

“இப்ப நீங்க செய்ங்கண்ணா.”

அவர் நெருக்கினார். நெருங்க நெருங்கச் சத்தம் தேய்ந்தது. கிண்ணங்கள் தொட்டுக்கொண்டபோது ஏறக்குறைய ஒன்றுமே இல்லை.

பிரித்தார். ‘ஊங்’. சேர்த்தார். இல்லை. மறுபடி பிரித்தார். மறுபடி சேர்த்தார். சின்னக் குழந்தை சுவிட்சைத் தட்டுகிற மாதிரி செய்துகொண்டேயிருந்தார்.

“எங்க போச்சு?”

“எங்கயும் போகலை. ரெண்டும் முழுசாத்தான் கத்துது. இது காத்தைத் தள்றப்போ அது இழுக்குது.”

பள்ளிக்கூடத்தில் பன்னிரண்டு வருஷம் உட்கார்ந்திருந்தேன். ஒரு கேள்விக்கு இப்படி ஒருத்தரும் பதில் சொன்னதில்லை.

“இங்க வர்றதுக்கு முன்னாடி நூல் மில்லுல எத்தனை வருஷம் இருந்தீங்கண்ணா?” என்று கேட்டார் எஸ்தர் அக்கா.

“இருபத்தாறு.”

“மிஷின் சரியில்லைன்னா ஒவ்வொரு ஸ்பிண்டிலாக் கழட்டிக் காதுல வச்சுப் பார்ப்பீங்களா?”

“அது எதுக்கு? எல்லாத்தையும் ஓட விட்டுட்டு ஒரு நடை நடந்தாத் தெரிஞ்சுரு...”

பாதியில் நிறுத்திக்கொண்டார்.

எஸ்தர் அக்கா வலது கிண்ணத்தின் பஞ்சு வளையத்தை உருவி, நாலு திருகாணியைக் கழற்றினார். உள்ளே காசளவு ஸ்பீக்கர். அதில் சிவப்பும் வெள்ளையுமாக இரண்டு ஒயர்கள். சிவப்புப் புள்ளி வைத்த முனையில் வெள்ளை ஒயர் இருந்தது. வெள்ளை வர வேண்டிய இடத்தில் சிவப்பு. எனக்கே தெரிந்தது.

ஒயரைப் பிடித்திருந்த ஈயம் இரண்டு உருண்டையாக நின்றது. கொண்டைக்கடலை மாதிரி.

ரங்கசாமி குனிந்து அதைப் பார்த்தார். 

“இது நான் வச்ச ஈயம் மேடம்.”

“ம்.”

“நான் சேர்ந்த மூணாம் நாள். கடலை வறுக்கிறீங்களான்னு நீங்ககூடக் கேட்டீங்க.”

“கேட்டேன்.”

எனக்குத் திட்டத் தோன்றியது. மூன்று தடவை பஸ் ஏறி வந்திருக்கிறேன், மூன்று தடவையும் செய்தவரிடமே வந்து நின்றிருக்கிறேன். ஆனால் அவர் முகத்தைப் பார்த்தபோது வாயில் இருந்தது வரவில்லை.

எஸ்தர் அக்கா ஒயர்களை விடுவிக்கச் சூடான ஈயக்கோலால் ஈயத்தை உருக்கினார். அதிகச் சூடு பட்டிருந்த முனை ஒயரோடு சேர்ந்து பெயர்ந்து வந்தது. உதட்டைக் கடித்தார். இரண்டு சின்னக் கிளிப்பால் ஒயர்களை இடம் மாற்றிப் பிடித்துக்கொண்டு, “இப்ப மாட்டு. அசையாத,” என்றார்.

அதே பாட்டு. பாடுகிறவள் எங்கிருந்தோ நடந்து வந்து என் நெற்றிக்கு நேராக நின்றாள்.

போனில் இருந்த என் மூன்று நிமிட வீடியோவையும் போட்டேன். நான் ஏற்றி வைத்திருந்த மேளம் மண்டையில் இடித்தது. மணப்பெண்ணின் அப்பா பேசுவது ஒரு சொல்கூடக் கேட்கவில்லை. கேவலமாக இருந்தது. ஸ்டூடியோக்காரர் சிரித்ததில் தப்பே இல்லை. நான் சிரித்துவிட்டேன். என் காது நல்ல காதுதான்.

“கிளிப்பை எடுத்தா போயிரும்,” என்றார் எஸ்தர் அக்கா. “முனை பேர்ந்திருச்சு, இதை இனி ஒட்ட முடியாது. ஆனா புகாரை ஏத்துக்கிட்டாச்சுன்னா மாத்துச் செட்டு இன்னைக்கே கையில கொடுத்தரலாம். ஜாப் ஷீட் எழுதுங்கண்ணா.”

ஜாப் ஷீட் எழுத மெயின் பிராஞ்சில் சொல்ல வேண்டும். ரங்கசாமி மேனேஜருக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்து, நடந்ததை நடந்தபடி சொன்னார். ஒன்றையும் மறைக்கவில்லை. நான் பக்கத்தில் உட்கார்ந்திருப்பது மேனேஜருக்குத் தெரியாது.

“ரங்கசாமி, இதுக்கா போன் பண்ணுவீங்க? காரணம்னு நாலு கட்டம் இருக்குல்ல? நாலாவது என்ன?”

“வாடிக்கையாளர் பிரித்துப் பார்த்தது.”

“அதுல டிக் போடுங்க. முடிஞ்சது.”

“அந்தப் பொண்ணு பிரிக்கலைங்க சார். பிரிச்சது நான்.”

“ரெண்டாவது கட்டத்துல போட்டா சர்வீஸ் சென்டர் தவறுன்னு கம்பெனிக்குப் போகும். செஞ்சது யாருன்னு பேர் எழுதணும். உங்க ஆறு மாச டிரெய்னிங் முடிய மூணு வாரம்தான் இருக்கு. அப்புறம் நிரந்தரம் பண்றதா வேண்டாமான்னு என்கிட்டத்தான் பேப்பர் வரும். நான் சொல்றது புரியுதுங்களா?”

“புரியுதுங்க சார்.”

“நாலு. போட்டுட்டு அடுத்த டோக்கனைக் கூப்பிடுங்க.”

போன் அணைந்தது.

நாலில் டிக் விழுந்தால் என் வாரண்டியே போய்விடும். எனக்கு வந்ததெல்லாம் கெட்ட வார்த்தை. எஸ்தர் அக்கா என் தோளில் ஒரு விரலை வைத்தார். சும்மா வைத்தார். நான் வாயை மூடிக்கொண்டேன்.

ரங்கசாமி ஷீட்டை எடுத்து கார்பன் செருகினார். பேனாவைத் திறந்தார். திறந்த பேனாவோடு எஸ்தர் அக்காவைப் பார்த்தார்.

“எம்பொண்ணு இந்த வருஷம்தான் நர்சிங் சேர்ந்திருக்குது, மேடம்.”

“தெரியும்ணா.”

“நீங்க சொல்லுங்க. என்னன்னு எழுதட்டும்?”

இங்கேதான் நான் எஸ்தர் அக்காவிடம் ஒரு பெரிய பேச்சை எதிர்பார்த்தேன். நேர்மை, உண்மை, அப்படி ஏதாவது. எங்கள் ஸ்கூலில் என்றால் பிரேயரில் அரை மணி நேரம் ஓடியிருக்கும். அவர் கிளிப்புகளைக் கழற்றி டப்பாவில் போட்டார். ஈயக்கோலை ஈரப் பஞ்சில் துடைத்தார். அப்புறம் ரங்கசாமியின் சுழல் நாற்காலியைப் பிடித்து, அவர் முகம் என் முகத்துக்கு நேராக வரும்படி திருப்பினார்.

“எதை வேணும்னாலும் எழுதுங்கண்ணா. எழுதறதுக்கு முன்னாடி, இந்தப் பொண்ணைப் பார்த்து ஒரு தடவை சத்தமா வாசிச்சிருங்க.”

சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு முழம்கூட இல்லை. ரங்கசாமி ஷீட்டைத் தூக்கிப் பிடித்தார்.

“பெயர், கனிஷ்கா,” என்று வாசித்தார். “பொருள், ஹெட்போன். புகார், சவுண்டு நல்லா இல்லை.”

“ஆமாங்க,” என்றேன்.

“காரணம்.”

ஷீட்டைக் கீழே வைத்து, பேனாவை நாலாவது கட்டத்துக்குக் கொண்டுபோனார். என்னைப் பார்த்தார். வாயைத் திறந்தார். மூடினார்.  பின்னால் டோக்கன்காரர் மறுபடி கனைத்தார். மேசையில் போன் அடித்தது, திரையில் மேனேஜர் பெயர். அது அடித்து ஓயும்வரை இருவரும் அப்படியே இருந்தோம்.

நாலாவது கட்டத்தின் மேல் நின்றிருந்த பேனா கொஞ்சம் கொஞ்சமாக மேலே, இரண்டாவது கட்டத்துக்குப் போனது.

நாலில் டிக் போடச் சொல்லியிருந்தார்கள். அவர் போடவில்லை.