சுழியன் பின்தொடர்ந்த பெரியவர்

மழைக்காட்டு ஓடையிலிருந்து கடலுக்கு ஒரு நீர்நாய்க் குடும்பம் புறப்பட்டது. அப்பா சுழியன், அம்மா மடுவி, மகள் நுரைச்சி, அதன் தம்பி கூழான். மொத்தம் நாலு பேர். மடுவி வயிற்றில் குட்டிகள் இருந்தன. ஆறு கடலில் சேரும் இடத்தில் ஒரு மணல்மேடு உண்டு. மடுவி பிறந்த இடம் அது; குட்டியாக இருக்கும்போதே வந்துவிட்டதால் வழி நினைவில்லை. பௌர்ணமிக்குள் அங்கே போய்ச் சேர்ந்து வளை தோண்டியாக வேண்டும். பௌர்ணமியன்று கடல் ஏறி, தாழ்வான இடமெல்லாம் முங்கிவிடும். மேட்டில் வளை இல்லாவிட்டால் குட்டிகள் பிழைக்காது.

நேராகப் போனால் ஆறு நாள். கையில் பன்னிரண்டு நாள் இருந்தது.

"அப்புறம் என்ன அவசரம்?" என்றது சுழியன். "பிள்ளைங்க நாலு இடத்தைப் பாக்க வேணாமா? அங்கங்க தங்கி, ஜாலியாப் போவோம்!"

ஜாலியாகத்தான் போனார்கள். மழை விடவே இல்லை. அட்டைகள் காதில் ஏறின. தங்குவதற்கு ஒரு வேர்ப்பொந்து கிடைத்தால், "இதுல காத்து வராது" என்று சுழியன் அடுத்ததைத் தேடும். அடுத்தது கிடைத்தால், "இதுல காத்து ஜாஸ்தி" என்று முதல் பொந்துக்கே திரும்பும். அதற்குள் எல்லோருக்கும் கால் விட்டுப் போயிருக்கும்.

"அதோ பாருங்க, இருவாச்சிப் பறவை!" என்றது சுழியன்.

"அதைத் திங்கலாமாப்பா?" என்றது கூழான்.

"பாக்கறதுக்குடா!"

"பாத்தாச்சு. திங்க என்ன இருக்கு?"

நுரைச்சி அம்மாவின் நடையைப் பார்த்துக்கொண்டே வந்தது. ஒவ்வொரு நாளும் அம்மா ஒரு அடி பின்தங்கியது.

நீர்நாய்களிடம் ஒரு வழக்கம் உண்டு. தங்கிய இடத்தைவிட்டுக் கிளம்பும்போது, உயரமான கல்லில் குடும்பத் தலைவர் எச்சம் போட்டுவிட்டு வர வேண்டும். அவர்களுக்கு அதுதான் கடிதம். பின்னால் வருகிற நீர்நாய் மோந்து பார்த்தால் போதும். வந்தவர் யார், என்ன தின்றார், எந்தப் பக்கம் போனார், எல்லாம் தெரிந்துவிடும். இதில் மட்டும் சுழியன் சோம்பல் பட்டதே இல்லை. நல்ல கல்லாகப் பார்த்து, ஏறி நின்று, மற்ற மூவரையும் காக்க வைத்துப் போடும்.

எட்டாம் நாள் மலை முடிந்தது. ஆறு அகலமாகி, அலையாத்திக் காட்டுக்குள் நூறு வாய்க்காலாகப் பிரிந்தது. எங்கு பார்த்தாலும் சேறு, வேர், உப்பு நாற்றம். மலையில் தண்ணீருக்கு ஒரே திசைதான். இங்கே காலையில் அந்தப் பக்கம் ஓடியது, சாயங்காலம் இந்தப் பக்கம் ஓடியது. சுழியன் குழம்பிப் போனது. ஆனால் வெளியே சொல்லவில்லை.

ஒன்பதாம் நாள் ஒரு வேர்மேட்டில் எச்சம் கிடந்தது. சுழியன் மோந்து பார்த்தது. அதன் முகமே மாறிவிட்டது.

"ஆஹா! என்ன வாசனை! யாரோ ரொம்பப் பெரியவர் இந்த வழியாப் போயிருக்கார். இவர் பின்னால போனாக் கடல்தான்!"

நுரைச்சியும் மோந்து பார்த்தது.

"அப்பா, இது நம்ம எச்சம்."

"என்னது?"

"நேத்து நீங்க போட்டது. கெளுத்தி முள்ளு இருக்கு பாருங்க. நேத்து நீங்கதான் கெளுத்தி தின்னீங்க. எங்களுக்கு வால்கூடத் தரல."

"ஏ புள்ள! உலகத்துல நான் ஒருத்தன்தான் கெளுத்தி திங்கிறேனா? பெரியவங்களும் திம்பாங்க!"

தன் நாற்றம் தன் மூக்குக்குத் தெரியாது. சுழியனுக்கு அது மணத்தது. பக்கத்திலேயே பணிவாகத் தானும் கொஞ்சம் போட்டுவிட்டு, பெரியவர் போன வழியில் நடந்தது. குடும்பமும் நடந்தது.

பத்தாம் நாள் அதே வேர்மேடு வந்தது. இப்போது எச்சம் இரண்டு மடங்கு.

"பாத்தியா! பெரியவர் கூட்டத்தோட போறார்!"

மேட்டின் அடியில் ஒரு நண்டு வளைக்கு வெளியே உட்கார்ந்திருந்தது. அது விழுந்து விழுந்து சிரித்தது.

"வாங்க, வாங்க! மூணாவது தடவை! இங்கயே வீடு கட்டிடுங்களேன்!"

"அப்பா, நண்டு சொல்லுதுல்ல? அதுகிட்ட வழி கேப்போம்" என்றது நுரைச்சி.

"நண்டு நம்ம சாப்பாடு! சாப்பாட்டுகிட்ட வழி கேக்கிற அளவுக்கு நான் இன்னும் கெட்டுப் போகல!"

"அப்ப சாப்பிடலாமா?" என்று கேட்டது கூழான். நண்டு சட்டென்று வளைக்குள் போய்விட்டது.

மடுவி அந்தச் சேற்றிலேயே உட்கார்ந்தது.

"எந்திரி மடுவி. பெரியவரு ரொம்ப தூரம் போயிருக்க மாட்டார்."

"ஏங்க, நான் வரல."

"என்ன பேச்சு இது?"

"கால் வரல. நாளன்னிக்குப் பௌர்ணமி. நீங்க உங்க பெரியவரோட போங்க."

மடுவி கோபமாகச் சொல்லவில்லை. கோபப்படவும் தெம்பு வேண்டுமே. "சரி, நான் போய் அவரைப் பிடிச்சு, கையோட கூட்டிட்டு வரேன்" என்று சுழியன் கிளம்பிவிட்டது. திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

நுரைச்சி நண்டு வளையில் வாய் வைத்துக் கூப்பிட்டது.

"அண்ணே! கடலுக்கு எப்படிப் போறது?"

"கடிக்க மாட்டியே?"

"கடிக்கிற தெம்பு இருந்தா உங்ககிட்ட ஏன் கேக்கிறேன்?"

நண்டுக்கு அந்தப் பதில் பிடித்திருந்தது. பாதி உடம்பை வெளியே நீட்டியது.

"தண்ணி வத்தும்போது, அது போற பக்கம் போ. ஏறும்போது எங்கயாவது உக்காந்துக்க. ரெண்டு வத்தலுக்குக் கடல் வந்துரும். இதை அந்த ஆள்கிட்ட அன்னிக்கே சொல்லியிருப்பேன். எங்க, மேலதானே பாத்துட்டு நடக்கிறாரு!"

வற்றும்போது நடந்தார்கள். ஏறும்போது உட்கார்ந்தார்கள். மறுநாள் சாயங்காலம் மணல்மேடு தெரிந்தது. பெரிய அதிசயம் ஒன்றும் இல்லை. ஒரு மேடு, கொஞ்சம் கொடி, கொஞ்சம் காற்று. மடுவி ஏறிப் போய் விழுந்தது. நுரைச்சி தோண்ட ஆரம்பித்தது. மணல் சரியச் சரியத் தோண்டியது. நகம் உடைந்தது. கூழான் மணலை வெளியே தள்ளியது. பசிக்கிறது என்று அன்றைக்கு அது ஒரு தடவைகூடச் சொல்லவில்லை.

பௌர்ணமியன்று கடல் ஏறியது. அலையாத்திக் காடு முங்கியது. அந்த வேர்மேடும் முங்கியது. அலை மணல்மேட்டின் பாதி வரை வந்து, வளைவாயை நனைத்துவிட்டுத் திரும்பியது. உள்ளே மடுவி குட்டி ஈன்றது.

நாலு நாள் கழித்து, வற்றுகிற தண்ணீரோடு சுழியன் வந்து சேர்ந்தது. எலும்பும் தோலுமாக இருந்தது. உடம்பெல்லாம் காய்ந்த சேறு. வளைவாயில் நின்றுகொண்டு, உள்ளே வரலாமா என்று தெரியாமல் விழித்தது.

"எத்தனை?" என்று கேட்டது.

"மூணு" என்றது மடுவி. "ரெண்டு இருக்கு. ஒண்ணு மூச்சே விடல. ரொம்ப நடந்துட்டேன்ல."

கூழான் ஒரு மீன் தலையை அப்பா பக்கம் தள்ளியது. சுழியன் அதைத் தொடவில்லை.

"அந்தப் பெரியவரை நான் பிடிக்கவே முடியல" என்றது மெதுவாக. "கடைசியா அவர் போட்ட எச்சத்தைப் பாத்தேன். அதுல முள்ளு இல்ல, செதில் இல்ல. வெறும் தண்ணி. பாவம், பல நாள் பட்டினி. கூட யாருமே இல்ல போல."

நுரைச்சி அப்பாவின் முகத்தைப் பார்த்தது. சண்டை போட வேண்டும் என்று நாலு நாளாகச் சொற்களைச் சேர்த்து வைத்திருந்தது. இப்போது எல்லாம் அலுப்பாக இருந்தது.

"அது நீங்கதாம்ப்பா."

சுழியன் தலையைக் குனிந்துகொண்டது.

"தெரியும்" என்றது.

தன் தடத்தையே பெரியவர் தடம் என்று மெச்சி அதன் பின்னால் போகிற தலைவன் வட்டமடிப்பான், அவன் அடித்த வட்டத்துக்கு அவனை நம்பி வந்தவர்கள்தான் விலை கொடுப்பார்கள்.