இடுப்பில் இருந்த தாமரை வில்லை

முன்பு ஒரு நாட்டில், ஆசைப்படுவதைத் தான் வைத்துக்கொண்டு யோசிப்பதை மற்றவர்களுக்கு விட்டுவிடும் மன்னர் ஒருவர் இருந்தார். அவருடைய அரண்மனையில் யாரும் குதிரையைக் கையில் பிடித்துக் கொடுப்பதில்லை. லாயத்தில் ஒவ்வொரு கொட்டடிக் கதவிலும் ஒரு பூ செதுக்கியிருக்கும். அதே பூ பொறித்த செப்பு வில்லையைக் கொடுப்பார்கள். அதைக் காட்டினால் அந்தக் கதவு திறக்கும்.

ஒருநாள் சபையில் மன்னர் விகடகவி கூத்தபிரானிடம் தாமரை வில்லை ஒன்றை நீட்டினார்.

“என் வெள்ளைக் குதிரைக்குக் கறுப்புப் பட்டை தீட்டினால் எப்படியிருக்கும் என்று காட்டும். ஆனால் என் குதிரையில் ஒரு மயிர்கூட நிறம் மாறக்கூடாது. மாறினால் நாடு கடத்துவேன்.”

கூத்தபிரான் வில்லையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.

“மன்னா, இதுவும் தாமரை, தங்கள் இடுப்பில் இருப்பதும் தாமரை. குதிரை ஒன்றுதானே?”

மன்னருக்கு இந்த யோசனையைச் சொல்லிக்கொடுத்ததே அமைச்சர் மழவராயர்தான். அவர் மீசைக்குள் சிரித்தார்.

“மன்னரின் வில்லை மன்னரிடம் பத்திரமாக இருக்கிறது. உம்முடையது வேறு வில்லை. அதை வைத்து நீர் என்ன செய்தாலும் மன்னரின் குதிரைக்கு என்ன வந்துவிடும்?”

சபை முழுவதும் தலையாட்டியது. மன்னரும் ஆட்டினார். இத்தனை தலைகளில் ஒன்றுகூடவா யோசிக்காது என்று கூத்தபிரானுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

“அப்படியானால் அமைச்சரின் குதிரைக்கும் ஒரு வில்லை கொடுங்கள். முதலில் அதில் தீட்டிப் பழகிக்கொள்கிறேன்” என்றான்.

சபை நடுவே பேசிய பேச்சு. மழவராயரால் மறுக்க முடியவில்லை.

மறுநாள் அவர் சபைக்குள் அலறிக்கொண்டு ஓடிவந்தார்.

“ஐயோ, என் குதிரை! காது முதல் வால்வரை கரி!”

“தங்கள் வில்லை தங்களிடம்தானே இருக்கிறது, அமைச்சரே? அதில் கரி பட்டிருக்கிறதா, பாருங்கள்” என்றான் கூத்தபிரான்.

மன்னரின் கை தன் இடுப்புக்குப் போனது. முகம் வெளிறியது.

“அடப்பாவி! அப்படியென்றால் என் குதிரை?”

“பால்போல் நிற்கிறது, மன்னா. எனக்குத் தந்த வில்லையில் தாமரையை அரத்தால் தேய்த்துவிட்டு எருக்கம்பூவைப் பொறித்துக்கொண்டேன். அப்படித் தேய்த்ததால் தங்கள் வில்லையிலுள்ள தாமரை அழிந்துவிடவில்லை. என் வில்லை மட்டும் எருக்கம்பூ செதுக்கிய வேறு கொட்டடிக்குப் போயிற்று. அங்கே இருந்தது இதுதான்.”

தண்ணீர் சுமக்கும் வெள்ளைக் கழுதை, உடம்பெல்லாம் கறுப்புப் பட்டையோடு சபைக்குள் வந்து ஓங்கிக் கத்தியது.

மன்னர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரிப்பு அடங்கியதும் மழவராயரைப் பார்த்துச் சொன்னார்:

“உம்முடைய வில்லையை நீரே பத்திரமாக வைத்துக்கொள்ளும், அமைச்சரே. குதிரையை மட்டும் கூத்தபிரான் ஓட்டிக்கொண்டு போகட்டும்.”