தாலிச்சரட்டு ஊக்கு

ஒரு ஊர்ல ஒரு பெட்டி இருந்துச்சாம். டிபன் பாக்ஸ் அளவுதான், ஆனா ரோசக்காரப் பெட்டி. சூரியன்லேருந்து உஸ்ஸுனு ஓயாம ஒரு காத்து அடிக்குதுல்ல, அது நம்ம மேல படாம பூமி தன் காந்தத்தால கண்ணுக்குத் தெரியாத வேலி போட்டிருக்கு. காத்து மோதினா வேலி எவ்வளவு வளையுதுன்னு மேல போய்ப் பாக்கத்தான் அந்தப் பெட்டி. ம் சொல்லு.

"ம்."

பெட்டியைச் செஞ்சது பர்வீன் மேடம். பெட்டி இருக்கிற ரூமைத் துடைக்கிறது தவமணி. வாயைத் திறந்து பேசவே கூசுவா. காந்தத்தை அளக்குற பெட்டியாச்சே, இரும்பு கிட்ட வந்தா மிரளும், அதனால அங்க இரும்பே கூடாது.

ராக்கெட்ல ஏத்த ரெண்டே நாள். அப்போ பாத்து, பெட்டி அளக்கிறதைக் காட்டிக்கிட்டு கம்ப்யூட்டர்ல நேரா ஓடின கோடு டக்கு டக்குனு குதிச்சுது. வெளிய நின்ன லாரியைத் தள்ளி நிறுத்தினாங்க. அப்பவும் டக்கு. அப்புறம் பக்கிள் இரும்பா இருக்குமோன்னு எல்லாரும் பெல்ட்டைக் கழட்டினாங்க. மேடம் கூட வேலை பாக்குற முருகேசன் சார் பேண்ட்டைப் பிடிச்சுக்கிட்டே நடந்தாரு. அப்பவும் டக்கு.

"பெட்டியிலதான் கோளாறு. பிரிக்கப்போறேன்"னாங்க மேடம்.

"பிரிச்சா பூட்டுறதுக்குள்ள ராக்கெட் போயிடும். பெட்டி இங்கேயே கிடக்கும்"னாரு சார்.

"வேற வழி சொல்லுங்க சார்."

சார் பேண்ட்டை இன்னும் இறுக்கிப் பிடிச்சுக்கிட்டாரு.

தவமணி பெட்டிக்கிட்ட குனிஞ்சு துடைச்சா. டக்கு. நிமிந்தா, கோடு சும்மா இருந்துச்சு. குனிஞ்சா, டக்கு. கை தானா கழுத்துக்குப் போச்சு. தாலிச்சரட்டுல ஊக்கு. வாசல்ல வாட்ச்மேன் "இரும்பு இருக்கா"ன்னு கேட்டப்போ இல்லைன்னுதான் சொன்னா. தாலியோட கிடக்கிறதை யாரு இரும்புன்னு நெனப்பா?

சொன்னா வேலை போயிடும். சத்தமில்லாம வெளிய போய்க் கழட்டிடலாம். ஆனா மேடம் பித்தளைத் திருப்புளியை எடுத்துட்டாங்க. ம்?

"ம்..."

"மேடம், பெட்டி மேல தப்பில்ல. என் மேலதான்."

ஊக்கை வாசல்ல வெச்சுட்டு வந்து குனியச் சொன்னாங்க. மூணு தடவை குனிஞ்சா. கோடு அசையல.

"எனக்கு வேலை போச்சா மேடம்?"

"கூடிடுச்சு தவமணிக்கா. நாளைலேருந்து வாசல்ல நீங்கதான் சோதிக்கணும். வாட்ச்மேன் அண்ணனுக்கு ஊக்கு எங்கெங்க தொங்கும்னு எப்படித் தெரியும்?"

அப்புறம் பெட்டி மேல போயிடுச்சு. காத்து அடிக்கிறப்பல்லாம் வேலி வளையிறதைச் சொல்லிக்கிட்டே இருக்கு. ஊக்கு மட்டும் கீழயே இருக்கு.

உன் சட்டை ஊக்கையும் கழட்டி வெச்சுட்டேன். கதையும் மேல போயிடுச்சு, கண்ணை மூடு.