இடது தோளில் ஒரு புள்ளி

"எலும்புக்கும் போயிடுச்சா மேடம்?"

கேட்டவர் அறவாழி. இருபத்தாறு வருடங்களாகத் தைராய்டு கட்டிகளை அறுத்து எடுத்தவர். ஸ்கேன் படிக்கக் கற்க வேண்டுமென்று, தன்னைவிடப் பதினைந்து வயது இளைய டாக்டர் ஜெரூஷாவிடம் வந்து உட்கார்ந்திருந்தார்.

திரையில் முத்துப்பேச்சியின் உடல். அவளுடைய தைராய்டைப் புற்றோடு எடுத்தவர் அறவாழிதான். நேற்று அவளுக்குக் கதிரியக்க அயோடின் கொஞ்சம் குடிக்கக் கொடுத்திருந்தார்கள். புற்று மிச்சமிருந்தால் அதை உறிஞ்சிக்கொள்ளும். உறிஞ்சிய இடம் கறுப்பாகத் தெரியும்.

கழுத்தில் ஒரு புள்ளி. எதிர்பார்த்ததுதான்.

இடது தோளில் இன்னொன்று.

"எலும்புன்னா சிகிச்சைக்குத் தர்ற அயோடின் டோஸைப் பல மடங்கு ஏத்தணும். எழுதிடவா?"

"கத்தியைக் கீழ வைங்க சார்," என்று ஜெரூஷா சிரித்தார். "என்ன உடுத்திப் படுத்தாங்க?"

"புடவைதான். கவுன் போடக் கூச்சப்பட்டாங்க. நான்தான் பரவால்லன்னு விட்டேன்."

ஜெரூஷா சிரிப்பை நிறுத்தினார்.

"கவுனுக்கு மாத்தி, தோளைக் கழுவிட்டு வரச் சொல்லுங்க."

மறுபடி எடுத்தார்கள். கழுத்தில் புள்ளி அப்படியே இருந்தது. தோள் வெறுமையாக இருந்தது.

ஜெரூஷா எழுந்தார். அவிழ்த்து வைத்த புடவையை மட்டும் ஸ்கேன் கேமராவுக்குக் கீழே விரித்தார்.

ஆளில்லாத மேசை. திரையில், முந்தானை இருந்த இடத்தில், அந்தப் புள்ளி.

அறவாழி பேனாவை மூடி வைத்தார். எதற்குப் பல மடங்கு மருந்து எழுத இருந்தோம்!

"எச்சிலா இருக்குமோ?"

"உடம்புல ஊறுற எந்த நீர்லயும் அயோடின் வெளிய வரும். போய்க் கேளுங்க."

முத்துப்பேச்சி கவுனை இழுத்து மூடியபடி உட்கார்ந்திருந்தாள்.

"எலும்புல ஒண்ணுமில்லம்மா. கழுத்துக்கு மட்டும் மருந்து போதும். முந்தானையால வாயைத் துடைச்சீங்களா?"

"வாயையா? இல்லியே டாக்டரய்யா."

"வேற ஏதாவது?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

"காலையில பஸ்ஸுல வரயில கண்ணத் தொடச்சேன். பக்கத்துல வீட்டுக்காரரு. பாத்தா அவரு ஒடஞ்சிருவாருன்னு, சன்னல் பக்கமாத் திரும்பிக்கிட்டுத்தான் தொடச்சேன்."

அறவாழி ஸ்டூலை இழுத்து அவள் அருகில் உட்கார்ந்தார்.

"ஒருத்தருக்கும் தெரியாதுன்னுல்லா நெனச்சேன்," என்றாள். "மிசினு பாத்துட்டாக்கும்?"