இலை கொட்டிய இலாமா

கடையநல்லூரில் தையற்கடை வைத்திருக்கும் ரமீஜாவுக்கு முப்பத்தெட்டு வயது. செடி வளர்ப்பில் அவளுடைய சீடர் கோமதிநாயகத்துக்கு அறுபத்திரண்டு. மின்வாரியத்தில் லைன் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். குருவும் சீடனும் தலைகீழாக இருக்கிறார்களே என்று தெருவே சிரித்தது. சிரிக்கட்டும். அடிமரத்தில் பழம் காய்க்கிற ஜபோட்டிகாபாவைப் பற்றி அந்தத் தெருவில் வேறு யாருக்குத் தெரியும்? அயல்நாட்டுப் பழமரம் எதைக் கேட்டாலும், விதை எந்த ஊரில் இருக்கிறது, யாரிடம் கெஞ்சினால் கிடைக்கும் என்று ரமீஜா சொல்லிவிடுவாள். அவர் அவளை "வாத்தியாரம்மா" என்றார். அவள் அவரை அண்ணாச்சி என்றாள்.

இந்தக் கிறுக்குப் பிடித்தவர்களிடம் ஒரு வழக்கம் உண்டு. அரிய செடி இரண்டு முளைத்தால், ஒன்றை நம்பிக்கையான ஆளிடம் வளர்க்கக் கொடுத்துவிடுவார்கள். ஒரு வீட்டில் செத்தாலும் இன்னொரு வீட்டில் இருக்குமே. ரமீஜா அதைக் காப்புச் செடி என்பாள்.

திருச்சூர்க்காரர் ஒருவர் அவளுக்கு மூன்று இலாமா விதை அனுப்பினார். இலாமா மத்திய அமெரிக்காவின் மரம். நம்ம சீத்தாவுக்குச் சித்தப்பன் முறை. பழத்துக்குள்ளே ரோஜா நிறத்தில் சதை இருக்குமாம். ஐந்து மாதம் மண்ணையே வெறித்துக்கொண்டிருந்ததில் இரண்டு முளைத்தன. முழங்கால் உயரம் வந்ததும் ஒன்றைக் காப்புச் செடியாகக் கோமதிநாயகத்திடம் கொடுத்தாள். அவர் செடிப் பையை மடியில் வைத்து ஆட்டோவில் கொண்டுபோனார். வேகத்தடை வரும்போதெல்லாம் ஆட்டோக்காரரைத் திட்டினார்.

மார்கழியில் இலை மஞ்சளடித்தது. தை பிறந்தபோது ஒரு இலைகூட மிச்சமில்லை. வெறும் குச்சி. மனுஷன் அதன் முன்னால் உட்கார்ந்து அழுதே விட்டார். பிறகு கண்ணில் படாதபடி மோட்டார் ரூமுக்குப் பின்னால், கூரைக்கு அடியில் கொண்டுபோய் வைத்தார். வாத்தியாரம்மாவிடம் மூச்சு விடவில்லை.

பங்குனியில் அவளே போன் செய்தாள்.

"அண்ணாச்சி, என் இலாமா போச்சு. இனிமே உங்ககிட்ட இருக்கது ஒண்ணுதான். நாளைக்கு வாரேன்."

அப்போதாவது சொல்லித் தொலைத்திருக்கலாம். "வாங்க, வாங்க" என்றுதான் வாயில் வந்தது. அன்று சாயங்காலமே நர்சரிக்குப் போய் ஒரு சீத்தாக் கன்றை வாங்கிவந்து, 'இலாமா' என்று எழுதிய பழைய அட்டையை அதில் கட்டினார். முப்பது வருஷம் மின்கம்பத்தில் ஏறிய கை, அந்த ஒரு முடிச்சை மூன்று தடவை அவிழ்த்துக் கட்டியது.

மறுநாள் ரமீஜா வந்தாள். அட்டையைப் பார்த்தாள். ஒரு இலையைக் கிள்ளிக் கசக்கி மோந்து பார்த்தாள்.

"அண்ணாச்சி."

"ம்."

"இது சீத்தா."

"ஆமா."

"அப்ப இலாமா எங்க?"

"செத்துப்போச்சு வாத்தியாரம்மா. நான்தான் கொன்னுட்டேன். உங்க மூஞ்சில எப்படி முழிக்கதுன்னு தெரியாம இந்தக் கூத்தப் பண்ணிட்டேன். நல்லாத் திட்டுங்க."

அவள் திட்டவில்லை.

"குச்சியத் தூரப் போட்டுட்டியளா?"

"இல்ல. மோட்டார் ரூமுக்குப் பின்னால கிடக்கு."

"தண்ணி ஊத்துனியளா?"

"பட்டுப்போன குச்சிக்கு எவனாவது ஊத்துவானா? இலை கொட்டுனதோட சரி. ரெண்டு மாசம் ஆச்சு."

அவர் சொல்லி முடிப்பதற்குள் அவள் ஓடிவிட்டாள். காலில் செருப்புகூட இல்லை.

அவர் போய்ச் சேர்ந்தபோது அவள் குச்சியின் முன்னால் குத்தவைத்திருந்தாள். கட்டைவிரல் நகத்தால் பட்டையை லேசாகச் சுரண்டினாள்.

"யா அல்லா" என்று தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"என்ன, என்ன?"

"பச்சை."

கோமதிநாயகம் கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் குனிந்து பார்த்தார். சுரண்டிய இடத்தில் ஈரமாக, பச்சையாக இருந்தது.

"உசுரு இருக்கா?"

"இருக்கு."

"நெசமாவா?"

"தொட்டுப் பாருங்க."

தொட்டார். சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் சிரித்தார்.

"ரெண்டு மாசமா எனக்குச் சோறு இறங்கல, வாத்தியாரம்மா."

"அது பாட்டுக்குத் தூங்கிட்டு இருந்திருக்கு."

"செடி தூங்குமா?"

"குளிருக்கு இலையெல்லாம் கொட்டிட்டுத் தூங்குமாம். அந்த நேரம் தண்ணி காட்டக் கூடாதாம். திருச்சூர்க்காரர் முந்தாநாள்தான் சொன்னார். என் செடியும் இப்படித்தான் கொட்டுச்சு. நான் பதறிப்போய் காலையில ஒரு வாளி, சாயங்காலம் ஒரு வாளின்னு ஊத்தினேன். உரம் வச்சேன். வேர் அழுகிப்போச்சு."

"நேத்து போன்ல இதச் சொல்லியிருக்கலாம்லா?"

"நீங்களும் ஊத்தியிருந்தா? கேக்கவே பயமா இருந்துச்சு அண்ணாச்சி."

அவர் குச்சியை மேலிருந்து கீழே தடவிப் பார்த்தார். பிறகு அவர் கேட்டார்.

"இத்தனை இலை போயிருச்சே. இனி எங்கேருந்து துளிர்க்கும்?"

"அந்தப் பொய்ச் செடியக் கொண்டாங்க."

கொண்டுவந்தார். அவள் சீத்தாவில் நல்ல இலையாகப் பார்த்துக் காம்போடு பிய்த்தாள். பிய்த்த தழும்பின் நடுவே கடுகை விடச் சிறிதாக ஒரு மொட்டு இருந்தது.

"இது எப்ப வந்துச்சு?" என்றார்.

"முன்னாலயே இருந்துச்சு. காம்பு மூடியிருந்துச்சு."

அவர் இலாமாக் குச்சியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தழும்புக்குத் தழும்பு மொட்டு. எண்ண ஆரம்பித்து, பாதியில் விட்டுவிட்டார்.

சீத்தாவில் கட்டிய அட்டையை அவிழ்த்து இலாமாவில் கட்டினார். பையின் அடியில் ஒட்டிய மண்ணைத் தட்டி, இரண்டு கையாலும் தூக்கி அவளிடம் நீட்டினார்.

"எடுத்துட்டுப் போங்க. உலகத்துல உங்களுக்கு இருக்கது இது ஒண்ணுதான். பொய் சொன்னவன் வீட்டுல வேண்டாம்."

ரமீஜா வாங்கிக்கொண்டாள். வாசல்வரைக்கும் நடந்தாள். அங்கே கொஞ்ச நேரம் நின்றாள். பிறகு திரும்பி வந்து, பையை எடுத்த இடத்திலேயே கூரைக்கு அடியில் வைத்தாள்.

"இங்கயே இருக்கட்டும்."

"இவ்வளவு பண்ணுன பொறவும் என்ன நம்புதியளா?"

"நான் கொண்டுபோனா தண்ணி ஊத்திருவேன் அண்ணாச்சி."