கோடு விழுந்த பெயர்கள்

நாணற்குப்பம் ஆறு கடலில் சேரும் இடத்தில் இருந்தது. மொத்தம் பதின்மூன்று வீடுகள், எல்லாம் மடத்து நிலத்தில். அவை இருக்குமா போகுமா என்பது இப்போது தில்லைநாயகம் எழுதிக் கொண்டுவந்த நான்கு பக்க அறிக்கையைப் பொறுத்திருந்தது.

தில்லைநாயகத்துக்கு அறுபத்தொரு வயது. துறைமுகங்களை அளக்கும் வேலையில் முப்பது வருடம் இருந்துவிட்டு, மடத்தில் சீடராகச் சேர்ந்தவர். குரு பூரணானந்தர் அவரைவிடப் பதினெட்டு வயது இளையவர். ஆரம்பத்தில் இது சீடருக்குச் சங்கடமாக இருந்தது. இப்போது சங்கடமெல்லாம் குருவுக்குத்தான். சீடர் எதையும் நம்புவதில்லை. பிரசாதத்தைக்கூட முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் வாயில் போடுவார்.

அதற்கும் காரணம் உண்டு. வேலையில் இருந்த காலத்தில் ஓர் ஒப்பந்தக்காரரின் வாய்ப்பேச்சை நம்பிக் கையெழுத்துப் போட்டார். கட்டிய படகு மேடை அடுத்த மழைக்கே மண்ணுக்குள் இறங்கிவிட்டது. சூடு கண்ட பூனை அடுப்பங்கரையை நாடாது என்பார்கள். இந்தப் பூனை அடுப்பு எரியும் ஊருக்கே போகாது.

வட்டார வணிகர்கள் குப்பத்தில் ஒரு சிறு துறை கட்ட ஆசைப்பட்டார்கள். நெல்லும் உப்பும் செங்கல்லும் ஏற்றிக்கொண்டு, பார்ஜ் என்கிற தட்டைப் படகுகள் கடலிலிருந்து ஆற்றுக்குள் வந்து போக வேண்டும். அதற்கு மடம் நிலத்தைத் தர வேண்டும், வீடுகள் காலியாக வேண்டும். கையெழுத்துப் போடுவதற்கு முன் குரு தில்லைநாயகத்தை அழைத்தார்.

"அங்கே படகு வந்து போக முடியுமா? போய்ப் பார்த்துட்டு வாரும்."

பத்து நாள் கழித்து அவர் திரும்பி வந்தார். மறுநாள் காலை வணிகர்கள் பத்திரத்தோடு வருவதாக இருந்தது.

"எழுதிட்டீரா?" என்றார் குரு.

"எழுதிட்டேன் சாமி. துறை கட்டலாம்."

"ஆழம் போதுமா?"

"நானே கோல் விட்டுப் பார்த்தேன். பன்னிரண்டு அடி. பார்ஜுக்கு ஏழு அடி போதும்."

"இது கார்த்திகை. மழைத் தண்ணி போகுது. கோடையில?"

"அதைத்தான் விசாரிச்சேன். கோடையில ஆத்துவாய் திறந்திருக்குமா, மண் மூடுமா? பதிவு எங்கேயும் கிடையாது. எட்டுப் பேர்கிட்ட கேட்டேன்."

குரு கடைசிப் பக்கத்தைத் திருப்பினார். எட்டுப் பெயர்கள் வரிசையாக இருந்தன. ஏழு பெயர்கள்மேல் சிவப்புக் கோடு.

"இது என்ன?"

"ஆதாயம் உள்ளவங்க சாமி. அவங்க பேச்சை எடுத்துக்க முடியாது."

"கஜேந்திரன்?"

"அரிசி ஆலைக்காரர். வருசம் பூரா திறந்திருக்கும்னார். துறை வந்தா அவர் ஆலைக்குத்தான் நெல்லு வரும். அடிச்சிட்டேன்."

"கொளஞ்சி?"

"ஓடக்காரி. மாசியிலேருந்து புரட்டாசி வரைக்கும் மண் மூடிக்கும், ஜனங்க மணல்மேலயே நடந்து அக்கரைக்குப் போவாங்கன்னு சொல்றா. துறை வந்தா அவளுக்கு ஓடமும் போச்சு, வீடும் போச்சு. வேற எப்படிச் சொல்லுவா?"

"அப்ப எட்டு மாசம் தனக்கு ஓடமே இல்லைன்னு தன் வாயாலேயே சொல்றாளே."

தில்லைநாயகம் குரலைத் தாழ்த்தினார். "நானும் அதைக் கவனிச்சேன். தனக்கே நஷ்டம்னு சொன்னா கேக்கறவங்க நம்பிடுவாங்க பாருங்க. கெட்டிக்காரி சாமி."

குரு விரலை அடுத்த பெயர்களுக்கு நகர்த்தினார்.

"அடுத்த நாலு பேர்?"

"எல்லாம் குப்பத்துல வலை போடறவங்க. கொளஞ்சி சொன்னதையே வார்த்தை மாறாம சொன்னாங்க. பேசி வச்சிருக்காங்க."

"எல்லாரும் பார்த்தது ஒரே ஆறுதானே?"

இது தில்லைநாயகத்தின் காதில் ஏறவில்லை.

"ஏழாவதா இருக்கிறது என் பேர் மாதிரி இருக்கே."

"உங்க பேர்தான் சாமி. தப்பா எடுத்துக்கக் கூடாது. நிலம் மடத்தோடது. போன மாசம் பேச்சுவாக்குல உங்களையும் கேட்டேன். தெரியாதுன்னீங்க. அதையும் நான் நம்பல."

குரு வாய்விட்டுச் சிரித்தார். மடைப்பள்ளியில் இருந்தவர் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

"கோடு விழாதவர் ஒருத்தர்தான். அரங்கநாதன். யார் அவர்?"

"டவுன்ல இருக்கார். தாலுகா ஆபீஸ்ல கிளார்க்கா இருந்தவர். குப்பத்துல அவருக்குச் சொந்தம் இல்லை, நிலம் இல்லை. துறை வந்தாலும் ஒண்ணுதான், வராட்டாலும் ஒண்ணுதான். திறந்திருக்கும்னு அவர் சொன்னதை வச்சுத்தான் எழுதியிருக்கேன்."

"அவர் ஆத்துவாயைப் பார்த்திருக்காரா?"

"இல்லை. தண்ணின்னா அவருக்குப் பயம். இவ்வளவு பெரிய ஆறு எப்படி மூடும்னு கேட்டார். நியாயமான மனுஷர்."

குரு அறிக்கையை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு எழுந்தார். "வாரும். அக்கரைக்குப் போய்க் குப்பத்தைப் பார்ப்போம்."

இக்கரையில் கொளஞ்சியின் ஓடம் நின்றது. நாற்பது வயது இருக்கும் அவளுக்கு. ஆற்றில் இழுப்பு அதிகமாக இருந்ததால் கோலை ஊன்றி ஓடத்தைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தில்லைநாயகம் ஏறுவதற்கு முன் பலகைகளை விரலால் ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தார்.

"நல்லாத் தட்டிப் பாருங்க ஐயா. பூசணிக்காயா வாங்கறீங்க?" என்றாள் அவள்.

ஓடம் நடு ஆற்றுக்கு வந்தது. தில்லைநாயகம் தூரத்தில் தெரிந்த கடலைப் பார்ப்பதற்காக நகர்ந்து பின்பக்கப் பலகையில் உட்காரப் போனார்.

"அதுல உக்காராதீங்க!" என்று கத்தினாள் கொளஞ்சி. "அடியில நைஞ்சு கெடக்குது. உடைஞ்சா தண்ணி ஏறிடும். இப்படி வாங்க."

அவர் வேட்டியைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு ஒரே தாவலில் நடுவில் வந்து உட்கார்ந்தார்.

குரு கேட்டார்: "தட்டிப் பார்த்தீரே. பலகை நல்லாத்தானே இருந்தது?"

"அடிப்பக்கம் எனக்கெப்படித் தெரியும் சாமி?"

"ஓடம் அவளோடது. அவ பேச்சை எப்படி எடுத்துக்கிட்டீர்?"

"அவளும் இதே ஓடத்துலதானே இருக்கா. முங்கினா அவளுந்தானே முங்குவா?"

சொல்லி முடித்த பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்பது அவர் காதில் விழுந்தது. குரு தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தில்லைநாயகம் ஓடக்காரியின் பக்கம் திரும்பினார். "ஏம்மா, கோடையில ஆத்துவாய் மூடும்னு சொன்னியே. மண்ணு மொதல்ல எந்தப் பக்கம் சேரும்?"

"அன்னிக்கே சொன்னேனுங்க. எழுதிக்கிட்டீங்க. அப்புறம் அதும்மேல கோடு போட்டீங்க."

"உனக்கு எப்படித் தெரியும்?"

"எனக்குப் படிக்கத்தாங்க தெரியாது. கோடு போட்டாத் தெரியாதா?"

அவள் கோலை மாற்றிப் பிடித்தபடி கேட்டாள்.

"ஒண்ணு கேக்கறேன், கோவிச்சுக்காதீங்க. ஆத்துவாய் மூடினா உங்களுக்கு என்னாங்க? தொறந்தா உங்களுக்கு என்னா?"

"எனக்கு ஒண்ணும் இல்லம்மா," என்றார் தில்லைநாயகம். இத்தனை நாளும் பெருமையாகச் சொல்லிவந்த சொல்தான். இன்று ஏனோ குரல் தேய்ந்து வந்தது.

"அதாங்க எங்களுக்குப் பயமா இருக்குது," என்றாள் அவள்.

ஓடம் கரை தட்டியது. குப்பத்து வாசல்களில் நின்றவர்கள் தில்லைநாயகத்தைப் பார்த்ததும் பேச்சை நிறுத்திவிட்டார்கள். ஒரு பெண் உலர்த்தியிருந்த மீனை அவசரமாக உள்ளே எடுத்துப் போனாள். அளவுகோலோடு வந்த மனிதரை அங்கே யாருக்கும் பிடிக்கவில்லை. அவர் வந்தால் வீடு போகும் என்று குழந்தைக்கும் தெரிந்திருந்தது.

குரு கரையில் இறங்கவே இல்லை. ஓடத்தில் உட்கார்ந்தபடியே இடுப்பிலிருந்த அறிக்கையை எடுத்து, கரையில் நின்ற சீடரிடம் நீட்டினார்.

"கடைசி வீடு ரெண்டு வருசமா பூட்டிக் கிடக்கு. திறக்கச் சொல்றேன். அடுத்த கார்த்திகை வரைக்கும் அதுல இரும்."

"நாளைக்கு வணிகர்கள் வருவாங்களே சாமி?"

"மடத்துக்கு இன்னும் தெரியலைன்னு நான் சொல்லிக்கறேன்."

தில்லைநாயகம் காகிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு வரப்போகும் பன்னிரண்டு மாதத்தையும் யோசித்தார். முப்பது வருடப் பழக்கம் அவரை விடவில்லை.

"ஒரு வருசம் இங்கேயே குடியிருந்தா நானும் இவங்கள்ல ஒருத்தன் ஆயிடுவேன். வீடு போயிடுமோன்னு எனக்கும் இருக்கும். அப்புறம் நான் எழுதறதை எப்படி நம்பறது? என் பேரையும் அடிச்சிட வேண்டியதுதான்."

கொளஞ்சி கோலை ஊன்றினாள். ஓடம் கரையை விட்டு நகர்ந்தது.

"அடியும்," என்றார் குரு. "அடிச்சிட்டுக் கொண்டு வாரும். அன்னிக்குப் படிக்கிறேன்."